கணிப்பொறியிற் சித்திரம் பயிலுதல்

(உத்திரமேரூரில் நடைபெற்ற நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற நிர்வாகக் கூட்டத்தில் எழுந்த ஒரு விவாதத்தை இங்குள்ளோரிற் பலர் அறிவீர்கள். நம்மவர் குடும்பத்துப் பெண்ணொருத்தி, இணையத்தின் வாயிலாக டிஜிட்டல் ஓவியம் பயில்வதற்கு வேண்டிய கருவியொன்றை வாங்கிக்கொள்ளச் சங்கத்தின் கல்வி நிதியினின்று உதவி கோரி விண்ணப்பம் அனுப்பியிருந்தாள். அவ்விண்ணப்பத்தைப் படித்தவுடன் ஒரு பெரியவர், "படம் வரைவதும் ஒரு படிப்பா? காலேஜுச் சம்பளம் கட்ட வழியின்றிப் பிள்ளைகள் நிற்கும்போது சங்கப் பணம் விளையாட்டுப் பொருளுக்கோ போவது?" என்று வினவினார். மற்றொருவர், "பெண்பிள்ளை இரவெல்லாம் கைப்பேசியும் கையுமாக இருப்பதற்குச் சங்கமே வழிசெய்து கொடுக்கிறதா?" என்றார். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. நெடுநாள் சித்திர ஆசிரியராக இருந்தவர் என்னும் ஒரு காரணம்பற்றி, இப்பொருளை ஆராய்ந்து சபையில் எடுத்துரைக்கும்படி எம்மைப் பணித்தார்கள். ஆதலின் இன்று யாம் பேசுவது வெறும் சொற்பொழிவன்று. ஒரு விண்ணப்பத்தின் முடிவு இதனைப் பொறுத்திருக்கின்றது.

ஆட்சேபித்த பெரியவர்களைக் குறைகூற யாம் இங்கு வரவில்லை. அவர்கள் தறியின் ஓசை குறைந்துவருவதைக் கண்ணாரக் கண்டவர்கள். விடியற்காலையில் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆலைப் பேருந்து ஏறிப்போகும் பிள்ளைகளை வாயிலில் நின்று வழியனுப்பியவர்கள். நிதியோ சிறிது, கேட்போரோ பலர். இந்நிலையில் ஒவ்வொரு ரூபாயையும் இருமுறை எண்ணுவது அவர்கள் கடமையேயாகும். ஆயினும், "படம் வரைவதும் ஒரு படிப்பா?" என்னும் அந்தக் கேள்வியை நம் மரபினர் கேட்பதுதான் எமக்கு விந்தையாக இருக்கின்றது. ஏனெனில், கணிப்பொறியிற் படம் வரைதல் என்பதன் அடிப்படை யாதோ, அதனை உலகில் மற்றெவர்க்கும் முன்னரே கையாண்டவர் நெசவாளர்.

சற்று விளக்குவோம். கணிப்பொறித் திரையில் தோன்றும் படம் எதுவாயினும், அஃது எண்ணிறந்த சிறு சதுரங்களின் கூட்டமேயாம். ஒவ்வொரு சதுரத்திற்கும் ஒரு நிறம். தூரத்தினின்று பார்ப்பவனுக்கு மயிலாகத் தோன்றுவது, அருகிற் பெரிதாக்கிப் பார்ப்பவனுக்குக் கட்டம் கட்டமாகப் பிரிந்துவிடும். இச்சதுரத்தை ‘பிக்ஸல்’ என்பர். இப்பொழுது நம்மில் டிசைன் போடுபவரின் கட்டத்தாளை நினைத்துப் பாருங்கள். பாவின் இழையும் ஊடையின் இழையும் சந்திக்கும் இடம் ஒரு கட்டம். பாவிழை மேலெழும்பவேண்டிய கட்டத்தை நிறத்தால் நிரப்புகின்றோம், எழும்ப வேண்டாததை வெறுமையாக விடுகின்றோம். பெட்டியில் 240 கொக்கி இருப்பின் குறுக்கே 240 கட்டம். அதற்குள் அன்னமும் அடங்கவேண்டும், யாளியும் அடங்கவேண்டும். வளைவான அன்னத்தின் கழுத்தை நேரான சதுரங்களைக்கொண்டு எங்ஙனம் வளைத்துக் காட்டுவது என்பதுதான் டிசைன் போடுபவரின் வித்தை. பட்டணத்து இளைஞர் இன்று ‘பிக்ஸல் ஓவியம்’ என்று பெயரிட்டுப் புதுமையாகப் பயில்வது இதனையேயன்றி வேறன்று.

இன்னும் ஒருபடி பின்செல்வோம். பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டிலே அமைத்த தறிப்பெட்டியில், ஓர் ஊடைக்கு ஓர் அட்டையாக, துளையிட்ட அட்டைகள் வரிசையாகக் கோக்கப்பட்டன. துளை இருந்தால் இழை எழும், இல்லையேல் எழாது. ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இவ்விரண்டே சொற்களால் ஓர் உருவத்தை முழுவதும் எழுதிவிடலாம் என்பதை உலகுக்குக் காட்டியது அவ்வட்டை. 1839-இல் அந்த ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குச் சற்றேறக்குறைய 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. கணிப்பொறியின் முன்னோடி என்று சொல்லப்படும் இங்கிலாந்துக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் அப்பட்டுப் படமொன்றைத் தம்மிடம் வைத்திருந்தார். தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கும் அவ்வட்டை முறையையே எடுத்துக்கொண்டார். ஆகவே கணிப்பொறி தறியினிடத்துக் கடன்பட்டது என்றால் அது புகழ்ச்சிக்காகச் சொல்வதன்று, சரித்திரம்.

தாய்மார்கள் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் வாயிலைப்பற்றியும் ஒரு செய்தி உண்டு. நீங்கள் விடியலில் இடுகின்ற புள்ளிக்கோலத்தை ஆராய்ந்து, தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிப்ட் சிரோமணி அவர்களும், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய அம்மையார் இருவரும் சேர்ந்து, 1974-ஆம் ஆண்டில் கணிப்பொறிப் படவியலுக்கென வெளிவந்த ஒரு சர்வதேசப் பத்திரிகையிலே கட்டுரை எழுதினார்கள். ஒரு சிறு கோலத்தினின்று பெரிய கோலம் எந்த விதிப்படி வளர்கின்றது என்பதை, மொழிக்கு இலக்கணம் வகுப்பதுபோல் வகுத்துக் காட்டினார்கள். நம் ஊரினின்று சில மணி நேரப் பயணத்தொலைவில் நடந்த ஆராய்ச்சி அது. கோலமிடும் கையை ‘படிப்பற்ற கை’ என்று சொல்லிவந்த நாம் இதனைக் கேட்டுச் சற்று நாணவேண்டியதே.

நிற்க. பழம்பெருமை பேசுவதனால் ஒரு பிள்ளைக்கும் சித்திரம் வந்துவிடாது. இணையவழிப் பாடம் என்பது யாது, அதிற் கற்பிப்பது யாது என்பதற்கு வருவோம். யாமே இதனைச் சோதித்துப் பார்த்தோம் ஆதலின் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகின்றோம்.

இணையத்தில் ‘டிரா எ பாக்ஸ்’ என்றொரு பாடத்திட்டம் உண்டு. இர்ஷாத் கரீம் என்பார் அமைத்தது. கட்டணமின்றிக் கற்கலாம். அதன் பெயரின் பொருள் ‘ஒரு பெட்டி வரைக’ என்பதே. கணிப்பொறி ஓவியர் பலர் இதிலிருந்தே தொடங்குகின்றனர். ஆனால் வியப்பு என்னவெனில், இது முதலிற் கையிலெடுக்கச் சொல்வது கணிப்பொறியை அன்று, மைப்பேனாவையும் காகிதத்தையுமே. முதற்பாடம் கோடு. இரண்டு புள்ளிகளை இட்டு, பேனாவைக் காகிதத்திற் படவிடாமல் அவ்விரண்டுக்குமிடையே பலமுறை கையை ஓட்டிப் பழகி, பின்னர் ஒரே வீச்சில் கோட்டை இழுக்கவேண்டும். மணிக்கட்டால் அன்று, தோளால் இழுக்கவேண்டும். கோடு தவறினும் திருத்தலாகாது, அதன்மேல் மீண்டும் கீறலாகாது. அடுத்து நீள்வட்டம், அதன்பின் பெட்டி. பெட்டி என்றால் ஒன்றிரண்டல்ல, 250 பெட்டிகள்! ஒவ்வொன்றையும் வெவ்வேறு கோணத்தில் வரைந்து, அதன் விளிம்புகளை நீட்டிப் பார்த்து, ஓரிடத்திற் கூடுகின்றனவா என்று தாமே பிழை காணவேண்டும்.

முப்பதாண்டுக்கு மேல் பிள்ளைகளை அரசாங்கச் சித்திரப் பரீட்சைக்கு, லோயர் கிரேடுக்கும் ஹையர் கிரேடுக்கும், தயார்செய்த நமக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று எண்ணித்தான் யாம் தொடங்கினோம். எழுபதாவது பெட்டியில் எமது செருக்கு அடங்கிற்று. குவளையையும் கூஜாவையும் கண்டு அப்படியே எழுதப் பழகிய கைக்கு, இல்லாத பெட்டியை மனத்தில் திருப்பி வைத்து வரைவது வரவில்லை. கண்டதை எழுதுவது வேறு, அறிந்ததை எழுதுவது வேறு என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தோம். பள்ளியில் யாம் கற்பித்ததிற் பாதி விடுபட்டிருந்தது என்பதை இச்சபையில் ஒப்புக்கொள்வதில் எமக்கு வெட்கமில்லை.

கோடும் உருவமும் கைவந்தபின் ஒளியும் நிழலும். அதன்பின்னரே நிறம். நிறத்தைப் பற்றிய பகுதியில் நம்மவர்க்கு ஒரு தடுமாற்றம் நேரும். சாயத்தொட்டியில் சிவப்பும் பச்சையும் கலந்தால் மங்கிய பழுப்பு வரும். திரையிலோ சிவப்பொளியும் பச்சையொளியும் கலந்தால் மஞ்சள் வரும்! ஒன்று சாயத்தின் கலப்பு, மற்றொன்று ஒளியின் கலப்பு. திரையில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே 256 படிகள் வைத்திருக்கின்றனர். மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள் ஆகும். இத்தனையும் இருந்தும் ஜரிகையின் மினுமினுப்பைத் திரை காட்டமாட்டாது. அது ஒரு நிறமன்று, புடைவை அசையும்போது மாறும் ஒளி. திரையில் அரக்காகத் தெரிந்ததை நம்பிச் சாயம் தோய்த்து, பாவு ஏற்றியபின் வேறு நிறமாகக் கண்டு தலையிற் கைவைத்தவர் இருக்கின்றனர். திரையையும் துணியையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு உண்டு. பட்டணத்துப் பிள்ளைக்கு அது கிட்டாது.

கருவியின் செலவைப் பற்றிக் கேட்டார்கள். இரண்டு வகை உண்டு. திரையோடு கூடியது விலை மிகுந்தது. அது இப்பொழுது வேண்டியதில்லை. திரையற்ற வெறும் பலகையைக் கணிப்பொறியோடு இணைத்து, அதற்குரிய எழுதுகோலால் வரைவது மற்றொன்று. இது சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். எழுதுகோலை அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். கண் திரையிலும் கை பலகையிலுமாக இருப்பதால் முதற் சில வாரங்கள் கை தடுமாறும், பின்னர் பழகிவிடும். வரைவதற்குரிய ‘கிரிட்டா’, ‘ஜிம்ப்’, ‘இங்க்ஸ்கேப்’ முதலிய மென்பொருள்கள் யாவர்க்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. திருட்டுப் பிரதி வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் ஒருவர்க்கும் இல்லை. விண்ணப்பித்த பெண் கேட்டிருப்பது இரண்டாவது வகைப் பலகையே என்பதைக் காரியதரிசி அவர்கள் காகிதங்களினின்று எடுத்துக் காட்டினார்கள். விளையாட்டுப் பொருள் என்று சொன்ன பெரியவர் அதனைக் கவனித்திருக்க மாட்டார்.

இனி உண்மையான இடையூற்றைச் சொல்லவேண்டும். ஆட்சேபம் செய்தவர்கள் இதனைச் சொல்லவில்லை, எனினும் அவர்கள் கட்சிக்கு இதுவே வலிமை தருவது. இணையவழிப் பாடத்திற் சேர்பவர் பலர், முடிப்பவர் மிகச் சிலர். அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையும் எம்.ஐ.டி.யும் நடத்திய இணையப் பாடங்களை ஆராய்ந்து 2019-இல் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் ஒரு கணக்கு வெளியாயிற்று. 2017-18-இல் அவற்றிற் பதிவுசெய்துகொண்டவருள் முடித்தவர் நூற்றுக்கு ஏறக்குறைய மூவரே. உலகப் பிரசித்தி பெற்ற ஆசிரியர்கள் கற்பித்தும் இந்நிலை! எம்முடைய கதையும் இதுவே. எழுபதாவது பெட்டியில் செருக்கு அடங்கியது என்றோமல்லவா? நூற்றுப்பத்தாவது பெட்டியில் பாடமும் நின்றுபோயிற்று. கேட்பாரில்லை, திருத்துவாரில்லை, உடன் வரைவாரில்லை. காகிதத்தை அலமாரியில் வைத்தோம். ஐந்து மாதம் கழித்து, பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் அதைக் கண்டு தானும் பெட்டி வரையத் தொடங்கியபின் தான், அவனுக்குமுன் தோற்கலாகாது என்று மீண்டும் எடுத்து, 250-ஐயும் முடித்தோம்.

ஆகவே குறை பாடத்தில் இல்லை, தனிமையில் இருக்கின்றது. நம் வீடுகளில் நெசவு கற்ற முறையை எண்ணுங்கள். சிறு பிள்ளை முதலில் தார் சுற்றும். பிறகு அறுந்த இழையைப் பிணைக்கக் கற்கும். கோர்வைக்கு மறுபுறம் உட்கார்ந்து நாடா தள்ளிக்கொடுக்கும். அதன்பின்னரே தனியே தறியில் ஏறும். எது முன், எது பின் என்னும் ஒழுங்கும் இருந்தது. பக்கத்தில் ஒருவர் இருந்து, "இழுப்புத் தளர்கிறது, பார்" என்று சொல்லும் துணையும் இருந்தது. இணையத்தில் சிதறிக் கிடக்கும் காணொளிகளை இன்று ஒன்று, நாளை ஒன்றாகப் பார்ப்பதில் இவ்விரண்டும் இல்லை. ஒழுங்குடைய பாடத்தில் முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை. அவ்விரண்டாவதைச் சங்கம் கொடுக்கலாம் என்பதே எமது கருத்து.

கட்டணப் பாடங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எம் உறவினர் இல்லத்து இளைஞனொருவன், மூன்று மாதத்தில் வேலைக்கு உத்தரவாதம் என்ற விளம்பரத்தைக் கண்டு, வீட்டு நகையை அடகு வைத்துப் பணம் கட்டிச் சேர்ந்தான். இலவசமாகக் கிடைக்கும் காணொளிகளையே வரிசைப்படுத்திக் காட்டினார்கள். வரைந்தனுப்பிய படத்தைத் திருத்தியனுப்பியவர் ஒருவருமில்லை. முடிவில் வண்ண அச்சில் ஒரு சான்றிதழ் வந்தது. நகை இன்னும் திரும்பவில்லை. ஆகையால் பணம் கட்டுமுன் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: எம் பிள்ளை வரைந்ததை யார் பார்த்துத் திருத்துவார், எத்தனை நாளில் திருத்துவார்? இதற்கு நேரான விடை இல்லையேல் விலகிவிடுக. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் 2003-இல் தொடங்கிய ‘என்.பி.டெல்’ திட்டத்திலும், மத்திய அரசு 2017-இல் திறந்த ‘ஸ்வயம்’ தளத்திலும் வடிவமைப்பைப் பற்றிய பாடங்கள் உள. கற்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம்.

இளைஞர் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வரும் என்று யாம் அறிவோம். "2022 முதல் சொன்னால் சொன்னபடி படம் போட்டுத்தரும் செயற்கை அறிவுப் பொறிகள் வந்துவிட்டனவே, இனி எதற்கு 250 பெட்டி?" என்பதே அது. இதனை எளிதாகத் தள்ளிவிட எமக்கு மனமில்லை. கலியாணப் பத்திரிகை, விளம்பரத் தட்டி முதலிய சில்லறை வேலைகளில் அப்பொறி கைவைத்துவிட்டது. அவற்றை மட்டும் நம்பிப் படிக்கும் பிள்ளை ஏமாறக்கூடும். ஆனால் அண்மையில் அவ்வாறு ஒரு பொறி வரைந்த முந்தியின் டிசைனை ஒருவர் எம்மிடம் கொணர்ந்து காட்டினார். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. மாங்காய் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை, திரும்பத் திரும்ப வரவேண்டிய உருவம் ஒவ்வொரு முறையும் சற்றே மாறியிருந்தது. கொக்கிக் கணக்கில் அடங்கவில்லை. கரையும் உடலும் கூடும் கோர்வை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கொடி குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது! அதனை நெய்ய ஒரு தறியும் இல்லை. இப்பிழைகளைக் கண்டவர் யார்? கட்டத்தாளில் கைபழகியவர். அவருக்கு அப்பொறி ஒரு வேலையாள். கை பழகாதவனுக்கு அது எஜமானன்.

பிழைப்புக்கு வழியுண்டா என்பதே பெற்றோர் கேட்பது. பெரிய உத்தியோகம் உறுதி என்று யாம் சொல்லோம். ஆனால் தறிக்கும் ஓவியத்திற்கும் உள்ள வழி புதிதன்று. ஓவியர் கே. எம். ஆதிமூலம் அவர்கள் (1938–2008) மத்திய அரசின் நெசவாளர் சேவை மையத்திற் பணியாற்றியவர். தமிழகத்தில் கணிப்பொறி ஓவியத்துக்கு முன்னோடிகளுள் ஒருவரான ட்ராட்ஸ்கி மருது அவர்களும் அம்மையத்தில் வடிவமைப்பாளராக இருந்தவரே. அவ்வகை மையமொன்று காஞ்சிபுரத்திலேயே உள்ளது. இன்று அட்டை குத்தும் வேலையிற் பெரும்பகுதி கணிப்பொறிக்குப் போய்விட்டது. மின்னணு ஜக்கார்டு வந்த இடங்களில் அட்டையே இல்லை. டிசைனை வெளியாருக்குப் பணம் கொடுத்துப் போட்டுவாங்கும் நம்மவர் எத்தனை பேர் என்பதை அவரவர் நெஞ்சே அறியும். காஞ்சிப் பட்டு 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றது. பெயருக்குப் பாதுகாப்பு வந்தது. டிசைன் போடுபவர் மட்டும் நம் வீட்டில் இல்லை.

இந்த ஊரிலே பேசுபவர் எவரும் குடவோலைக் கல்வெட்டைச் சொல்லாமல் இறங்குவதில்லை. யாமும் அவ்வழக்கத்தை மீறப்போவதில்லை. வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டில் ஒரு முறையை வெட்டினார்கள். இரண்டே ஆண்டில், 921-இல், அதனைத் திருத்தி மறுபடியும் வெட்டினார்கள். கல்லில் எழுதியதையே திருத்த அஞ்சாதவர் நம் ஊரார் என்பதை எண்ணி, சென்ற கூட்டத்துக் குறிப்பைத் திருத்துவதற்கு நிர்வாகிகள் தயங்கவேண்டியதில்லை என்று வேண்டிக்கொள்கின்றோம். அக்கல்வெட்டிலே ஓலையில் பெயர் எழுதப்படுவதற்குக் கால்வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டும், தன் மனையில் வீடு வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வேண்டும் என்று விதி இருந்தது. மண்ணில்லாதவன் பெயர் குடத்தில் விழவில்லை. இப்பாடமோ நிலம் கேட்கவில்லை, வயது கேட்கவில்லை. எம்மை அனுமதித்ததே அதற்குச் சாட்சி.

ஆதலின் யாம் சபைமுன் வைப்பது இது. பலகையை அப்பெண்ணுக்குத் தனியே வாங்கிக் கொடுக்கவேண்டாம். சங்கமே இரண்டு பலகை வாங்கி, வாசகசாலையில் உள்ள கணிப்பொறியோடு இணைத்து வைக்கட்டும். ஞாயிறுதோறும் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வகுப்பு. முதல் மூன்று மாதம் காகிதமும் பேனாவும் மட்டுமே. 250 பெட்டியை முடித்தவர்க்கே பலகை. விண்ணப்பித்த பெண் 140 வரையில் முடித்துவிட்டாள் என்று கேள்வி, ஆகவே முதலிற் பலகையைத் தொடுபவள் அவளாகவே இருப்பாள். பகலிலே, பத்துப் பேர் நடுவிலே நடப்பதால் இரவில் கைப்பேசி என்ற அச்சத்துக்கும் இடமில்லை. தாய்மாரும் உடனிருந்து பார்க்கலாம், விரும்பினால் வரையலாம். இத்தெருவிலுள்ள பிற வகுப்புப் பிள்ளைகளும் வரலாமா என்று ஒரு நண்பர் வரும்வழியில் கேட்டார். வரலாம் என்பதே எமது எண்ணம். எம்மை மீண்டும் பேனா எடுக்கச் செய்த சிறுவன் நம் சங்கத்து வீட்டுப் பிள்ளை அல்லன்.

சம்பளம் வேண்டாம், ஞாயிறுதோறும் யாம் வந்திருப்போம். பிழை காணும் சிவப்புப் பென்சில் எம்மிடம் இருக்கின்றது. வாசகசாலையின் சாவி மட்டும் காரியதரிசி அவர்களிடம் உள்ளது. அதனை எந்த ஞாயிற்றுக்கிழமை முதல் எம்மிடம் தருவார்கள் என்பதை இச்சபையிலேயே சொல்லிவிடும்படி அவரைக் கேட்டுக்கொண்டு, எமது இடத்தில் அமர்கின்றோம்.